கூவியது நான்தான்

நாற்பத்தேழு வயதுவரை ஜெப்ரி யாரிடமும் பெரிதாகப் பொய் சொன்னதில்லை. ஒழுக்கம் ஒரு காரணம் என்றால் குரல் அதைவிடப் பெரிய காரணம். குர்லாவில் பம்ப் உதிரிபாகங்கள் விற்கும் கம்பெனி ஒன்றின் குடோனில் அவன் ஸ்டோர்கீப்பர். அவன் எதையாவது சொன்னால் எதிரில் நிற்பவர் காதைச் சாய்த்து, "க்யா?" என்பார். அதையே இரண்டாம் தடவை சொல்வதற்குள் அவனுக்கே அலுத்துவிடும். பொய் சொல்கிறவனுக்கு இரண்டாம் தடவையும் அதே மாதிரி சொல்லும் தெம்பு வேண்டும். அது அவனிடம் இல்லை.

அப்படிப்பட்டவன் சென்ற வருஷம், சுனாபட்டியில் தான் குடியிருக்கும் ஆனந்த்தீப் சொசைட்டியில் ஒரு பொய் சொன்னான். அது கட்டடம் முழுக்கப் பரவி, மாநகராட்சி வார்டு ஆபீஸ்வரை போய்விட்டது. எல்லாம் பன்னிரண்டு முட்டைகளால் வந்த வினை.

ஜெப்ரி வீடு நாலாம் மாடியில். நேர் கீழே, மூன்றாம் மாடியில், மன்சூர் அலி பாய். பாய்க்குத் தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை இருந்தது. பட்டறையின் தகரக் கூரைமேல் அவர் நாட்டுக்கோழிகள் வளர்த்தார். ஈஸ்டருக்கு முந்தைய நாள், ஒரு செருப்புப் பெட்டிக்குள் கிழிந்த துணியைப் போட்டு, அதன்மேல் பன்னிரண்டு முட்டைகளை அடுக்கிக் கொண்டுவந்து, பண்டிகைக்குக் குழம்பு வையுங்கள் என்று கொடுத்துவிட்டுப் போனார். பட்டறை ஆள் அவசரத்தில் அவற்றை அடைக்கோழியின் வயிற்றுக்கு அடியிலிருந்து உருவிக் கொடுத்திருந்தான். அது பாய்க்குத் தெரியாது.

ஜெப்ரியின் மனைவி ஜோஸ்பின் நர்ஸ். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றும் வார்டில் அவளுக்குப் பதினெட்டு வருஷ சர்வீஸ். எதையும் சோதிக்காமல் ஏற்றுக்கொள்ள மாட்டாள். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது, முட்டை நல்லதா கெட்டதா என்று பார்ப்பதற்காகச் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சின்மேல் ஒன்றைத் தூக்கி வைத்தாள். உள்ளே சிலந்தி வலை மாதிரி சிவப்பு நரம்புகள் ஓடின. நடுவில் ஒரு புள்ளி துடித்தது.

அவள் அடுப்பை அணைத்தாள்.

"ஏங்க, இங்க வாங்க," என்றாள். "ஹார்ட்பீட் இருக்கு."

ஜெப்ரி வந்து குனிந்து பார்த்தான். துடிப்பு தெரிந்தது. இந்த ஈஸ்டருக்கு முட்டைக்குழம்பு கிடையாது என்பதும் தெரிந்தது. கீழே போய்ப் பாயிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று முணுமுணுத்தான். தாராவி போய்ச் சேர்வதற்குள் சூடு ஆறிவிடும், வேறு இடத்துக்கு அனுப்புகிற நிலையில் கேஸ் இல்லை என்று ஜோஸ்பின் சொல்லிவிட்டாள்.

அரை மணி நேரத்தில் வார்டு தயார். மீன்காரரிடம் வாங்கிய தெர்மாகோல் பெட்டி ஒன்று, அதற்குள் நாற்பது வாட் பல்பு, ஈரப்பதத்துக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணம் தண்ணீர், மூடியில் துளை போட்டுச் சொருகிய தெர்மாமீட்டர். சூடு முப்பத்தேழரை டிகிரியில் நிற்க வேண்டும். ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் நம்பர் எழுதி, ஒரு பக்கம் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் போட்டாள். ஒரு நாளைக்கு ஐந்து தடவை முட்டைகளைத் திருப்ப வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் சார்ட் ஒட்டினாள்: நேரம், சூடு, திருப்பியவர் கையெழுத்து.

டியூட்டிக்குக் கிளம்பும்போது ஆஸ்பத்திரியில் செய்வது மாதிரியே ஜெப்ரியிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போவாள். ஆறாம் பெட் கொஞ்சம் சந்தேகம், ஒன்பதாம் பெட் நன்றாக இருக்கிறது என்பாள். பெட் என்றால் முட்டை. ஜெப்ரி தலையாட்டிக் கேட்டுக்கொள்வான். மதியம் சாப்பாட்டு நேரத்தில் குர்லாவில் ரயில் ஏறி, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, வீட்டுக்கு ஓடி, வட்டத்தை மேலே கொண்டுவந்துவிட்டு, அதே ஓட்டமாகத் திரும்புவான். ஒரு நாள் ரயில் இருபது நிமிஷம் தாமதம். சார்ட்டில் ஒரு மணி என்று எழுதியிருக்கலாம். அவன் ஒன்று இருபது என்று எழுதிவைத்தான். அதற்காக அன்று சாயங்காலம் ஜோஸ்பினிடம் விளக்கமும் சொன்னான்.

மறுபடி டார்ச் அடித்துப் பார்த்தபோது மூன்று முட்டைகளில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. ஆறாம் பெட்டில் துடிப்பு நின்றிருந்தது. ஜோஸ்பின் அதை ஒரு துணியில் சுற்றி எடுத்துப்போய்ச் செம்பருத்தித் தொட்டியில் புதைத்துவிட்டு வந்தாள். 

மீதி எட்டும் ஒரு செவ்வாய்க்கிழமை பொரிக்கும் என்பது அவள் கணக்கு. அன்றைக்குப் பார்த்து வார்டில் இரண்டு நர்சுகள் விடுப்பு. அதனால் ஜெப்ரிதான் லீவு போட வேண்டியிருந்தது. குடோன் மேனேஜர் பைசான் காரணம் கேட்டார். முட்டை பொரிப்பதற்கு இந்தியில் என்ன சொல்வது என்று ஜெப்ரிக்குத் தெரியவில்லை. வீட்டில் டெலிவரி என்று சொன்னான். பைசான் அவனுடைய நரைத்த மீசையை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுந்து வந்து கட்டிக்கொண்டார். புதன்கிழமை வேலைக்குப் போனபோது ஆபீஸ்காரர்கள் எல்லோரும் சேர்ந்து குழந்தைச் சட்டை, குல்லாய், கொசுவலை எல்லாம் வாங்கி வைத்திருந்தார்கள். ஜெப்ரி விளக்கம் சொல்ல வாயெடுத்தான். "க்யா?" என்றார்கள். அவன் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் நாலாம் நம்பர் முட்டை முதலில் பேசியது. ஓட்டுக்குள்ளிருந்தே கீச்சுக் குரல் கேட்டது. பிறகு ஓட்டில் ஒரு நட்சத்திரம் மாதிரி விரிசல். அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு எதுவும் நடக்கவில்லை. ஜெப்ரி பயந்துபோய் வீடியோ கால் போட்டான். ஜோஸ்பின் வார்டு வராந்தாவில் நின்று, மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு உற்றுப் பார்த்தாள்.

"தொடாதீங்க. அதுவா வரட்டும். நாம இழுத்தா ரத்தம் போயிரும்."

"தவிக்குதே."

"தவிக்கட்டும். நீங்க தள்ளி உக்காந்து தண்ணி குடிங்க."

அவன் தள்ளி உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். பதினாலு மணி நேரத்தில் எட்டும் வெளியே வந்தன. ஈரமாக, அசிங்கமாக, தலையைத் தூக்க முடியாமல் வந்து, சிறிது நேரத்தில் காய்ந்து பஞ்சுருண்டை ஆயின. எட்டும் கண் திறந்து பார்த்தபோது எதிரில் இருந்தது ஜெப்ரியின் முகம். அவன் எழுந்து பாத்ரூமுக்குப் போனான். எட்டும் பின்னாலேயே வந்தன.

மே, ஜூன், ஜூலை. குஞ்சுகள் வளர்ந்தன. ஐந்து பெட்டை, மூன்று சேவல். கேலரி என்று சொல்லும் பின்பக்கப் பால்கனியின் கிரில்லுக்கு நீலத் தார்ப்பாய் கட்டி, மழைக்காக என்று சொல்லிக்கொண்டார்கள். உள்ளே குறுக்கே மூங்கில் கழி. கீழ்வீட்டுக் கூரையில் நாள் முழுக்கக் கொத்தும் சத்தம் கேட்டு மன்சூர் அலி பாய் மேலே வந்தார். தன் முட்டைகள் என்ன ஆயின என்பதைக் கண்ணால் பார்த்தார். சிறிது நேரம் சிரித்துவிட்டு, மறுநாளே ஒரு மூட்டை மக்காச்சோளக் குருணை அனுப்பிவைத்தார். எச்சத்தை ஜெப்ரி தினமும் டிபன் பையில் கீழே கொண்டுபோய், யாரும் பார்க்காதபோது சொசைட்டித் தொட்டிகளில் கொட்டினான். ஆனந்த்தீப்பில் அந்த வருஷம் செம்பருத்தி அப்படிப் பூத்தது.

சொசைட்டி செயலாளர் அய்யாத்துரை அண்ணாச்சிக்கு அந்தச் செம்பருத்தியில் பெருமை. சாத்தான்குளம் பக்கத்துக்காரர். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ரிட்டயர் ஆனவர். சொசைட்டி விதிப் புத்தகத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். வீடுகளில் ஆடு, மாடு, கோழி வளர்க்கக் கூடாது என்ற விதி அதில் பதினேழாம் பக்கத்தில் இருந்தது. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் விதி என்றால் விதிதான். அவருக்கு இருந்த ஒரே குறை இழுப்பு. நாலு படி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும்.

செப்டம்பரில் ஒரு நாள் காலை ஐந்தே முக்காலுக்கு மூத்த சேவல் முதல் தடவையாகக் கூவியது. கூவல் என்று சொல்ல முடியாது. துருப்பிடித்த இரும்புக் கதவை யாரோ பாதி திறந்து கைவிட்டது மாதிரி இருந்தது. ஜோஸ்பின் டியூட்டியில் இருந்தாள். கீழே நடைப்பயிற்சியில் இருந்த அண்ணாச்சி லிப்டில் ஏறி வந்து மணியடித்தார். சேவல் சத்தம் இந்தப் பக்கமிருந்து வந்ததே என்று கேட்டார். ஜெப்ரி, மொபைல் அலாரம் என்றான். சத்தத்தைக் குறைத்து வையுங்கள் தம்பி என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

நாலு நாள் கழித்து, ஜெப்ரி பால் வாங்கிக்கொண்டு கேட்டில் அண்ணாச்சியோடு நின்று பேசிக்கொண்டிருந்தபோது மேலே கூவியது. அண்ணாச்சி ஜெப்ரியின் கையிலிருந்த மொபைலைப் பார்த்தார். டிவி ஓடுகிறது, ஊர் நிகழ்ச்சி என்றான் ஜெப்ரி. அடுத்த வாரம் கட்டடம் முழுக்க மின்சாரம் நின்றுபோன ஒரு காலையில், சேவல் தொடர்ந்து ஐந்து தடவை கூவியது. ஜெப்ரி அதன் தலைமேல் குழந்தைச் சட்டையைப் போட்டு மூடிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. லிப்ட் இல்லாததால் நாலு மாடியும் படியேறி வந்த அண்ணாச்சி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெஞ்சில் விசில்.

"தம்பி. கரண்டு இல்ல. டிவி எப்படிக் கூவும்?"

மூன்றாவது தடவையாகவும் ஜெப்ரி அந்தச் சேவலை மறுதலித்தான்.

"அது நான்தான் அண்ணாச்சி."

"நீங்களா?"

"நான்தான். கூவினது நான்தான்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றை இரண்டாம் தடவையும் சொல்லிவிட்டதில் அவனுக்கே ஆச்சரியம். அதற்கு மேல் பொய் தானாக நடக்கத் தொடங்கியது. தன் குரல் சின்ன வயதிலிருந்தே சரியில்லை என்பது அண்ணாச்சிக்கே தெரியும் என்றான். தொண்டைக்கும் நுரையீரலுக்கும் இப்படி ஒரு பயிற்சி இருக்கிறது, விடியற்காலையில் செய்ய வேண்டும் என்றான். மனைவி நர்ஸ் என்பதால் அது நம்பும்படியாகவும் இருந்தது.

முப்பது வருஷம் டிக்கெட் இல்லாதவனை முகத்தைப் பார்த்தே பிடித்தவர் அண்ணாச்சி. அவர் ஜெப்ரியின் முகத்தைப் பார்த்தார். "எங்க, ஒரு தடவ செய்ங்க பாப்போம்," என்றார்.

ஜெப்ரி கண்ணை மூடினான். இரண்டு வாரமாகத் தினமும் கேட்டுக்கேட்டு அந்தச் சத்தம் அவன் உடம்புக்குள் எங்கோ படிந்திருந்தது. கைகளைப் பின்னால் மடக்கி, கழுத்தை நீட்டி, கூவினான். படிக்கட்டு முழுக்க அது இறங்கிப் போனது. இரண்டாம் மாடியில் ஒரு கதவு திறந்தது. கேலரியில் சேவல்கள் மூன்றும் வாயடைத்துப்போயின.

"யப்பா," என்றார் அண்ணாச்சி. "நெஞ்சுக்குள்ள இருந்துல்லா வருது." பிறகு தணிந்த குரலில் கேட்டார்: "தம்பி, இது இழுப்புக்குக் கேக்குமா?"

கேட்காது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மனிதர் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற விதம் அப்படி. கேட்கும் என்றுதான் சொல்கிறார்கள் என்றான் ஜெப்ரி.

டியூட்டி முடிந்து வந்த ஜோஸ்பின் நடந்ததைக் கேட்டுவிட்டுச் சோபாவில் உட்கார்ந்தாள். பிறகு மூச்சை இழுத்துவிடுவதால் கெடுதல் ஒன்றும் இல்லை என்று தீர்ப்பு சொன்னாள். நேராக அண்ணாச்சி வீட்டுக்குப் போய், கூவுங்கள், ஆனால் இழுப்புக்கு டாக்டர் கொடுத்த பம்ப்பை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை, கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு பேர் கூவினார்கள். முதல் வாரக் கடைசியில் ஐந்து பேர். எல்லோரும் மாவ்ஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடும் இரண்டாம் மாடி ரிட்டயர்ட் மராத்தி டீச்சர் மூட்டுவலிக்காக வந்து சேர்ந்தார். பூங்காவில் கூட்டமாக நின்று சிரிப்பதற்கே ஆட்கள் இருக்கிற ஊர் இது, கூவினால் என்ன தப்பு என்றார். மன்சூர் அலி பாய் குற்ற உணர்ச்சியில் வந்தார். முட்டை அவருடையது அல்லவா. மாத முடிவில் பதினோரு பேர் வரிசையாக நின்று, ஜெப்ரி கையைக் காட்டியதும், முழங்கையை மடக்கி மூன்று தடவை அடித்துவிட்டுக் கூவினார்கள். மேலே சேவல்கள் பதில் கொடுக்கும். கீழே நிற்பவர்களுக்கு அது தங்களுடைய எதிரொலியாகத்தான் கேட்டது.

ஜெப்ரிக்கு இதெல்லாம் பிடித்திருந்தது என்பதை அவன் ஜோஸ்பினிடம்கூட ஒப்புக்கொள்ளவில்லை. பதினோரு பேர் தன் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவனுக்குப் புதிது. இரவு படுக்கும்போது நாளையோடு நிறுத்திவிட வேண்டும் என்று நினைத்துக்கொள்வான். விடிந்ததும் கால் தானாகக் கீழே இறங்கும்.

பக்கத்துக் கட்டடத்தில் யாரோ புகார் எழுதிப் போட்டார்கள். ஆனந்த்தீப்பில் கோழிப்பண்ணை நடக்கிறது, விடியற்காலையில் தூங்க முடியவில்லை என்று. வார்டு ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி ஃபாரமும் கையுமாகக் காலை ஆறு மணிக்கே வந்துவிட்டார். அவர் கேட்டுக்குள் நுழைந்தபோது பதினோரு பேரும் கழுத்தை நீட்டிக் கூவிக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் மாவ்ஷியைப் பார்த்தபடி நின்றார்.

அண்ணாச்சி அவருக்கு விதிப் புத்தகத்தின் பதினேழாம் பக்கத்தைக் காட்டினார். இந்த சொசைட்டியில் ஒரு கோழி இறகுகூடக் கிடையாது, கூவுகிறவர்கள் நாங்கள்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். அவர் சொன்னது அவரளவில் நூற்றுக்கு நூறு உண்மை. அதிகாரியும் நம்பிவிட்டார். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்ற அந்த நிமிஷம் பார்த்து மேலேயிருந்து ஒரு கூவல் வந்தது.

அதிகாரி அண்ணாந்து பார்த்தார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"அது என் வீட்டுக்காரி," என்றார் மன்சூர் அலி பாய் இந்தியில். "ஆம்பளைங்களோட நின்னு கூவ வெட்கப்படுவா. வீட்டுக்குள்ளயே செஞ்சுக்குவா."

வேறொரு குரலில் இன்னொரு கூவல் வந்தது. அது மச்சினி என்றார் பாய். மூன்றாவது வந்தது. மாமியார் ஊரிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னார். அதிகாரி பேனாவை மூடிவிட்டு, வீட்டைப் பார்க்க வேண்டும் என்றார்.

மூன்றாம் மாடிக் கதவை நூர் நிஷா திறந்தார். கையில் மாவு ஒட்டியிருந்தது. வீட்டில் அவரைத் தவிர யாரும் இல்லை. மச்சினியும் மாமியாரும் பால் வாங்கப் போயிருப்பதாகப் பாய் சொன்னார். தினமும் காலையில் கூவுகிறவர் நீங்கள்தானா என்று அதிகாரி மரியாதையாகக் கேட்டார். நூர் நிஷாவுக்கு இதில் எதுவும் தெரியாது. அவர் அதிகாரியின் தோளுக்குப் பின்னால் நின்ற கணவரின் முகத்தைப் பார்த்தார். இருபத்தொன்பது வருஷக் குடும்பம். தலையில் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டார். பிறகு கூவினார். நன்றாகவே கூவினார்.

அதிகாரி படியிறங்கும்போது, ஆடு, புறா, கோழி எல்லாவற்றுக்கும் தன்னிடம் ஃபாரம் இருக்கிறது, ஆட்கள் கூவுவதற்கு இல்லை என்று வருத்தமாகச் சொன்னார். பறவை எதுவும் காணப்படவில்லை, சத்தம் குடியிருப்பவர்களுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நூர் நிஷா பாயோடு நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாளிலிருந்து ஜெப்ரி வீட்டுப் பெட்டைக் கோழிகள் முட்டையிட ஆரம்பித்தன. முதல் முட்டையை ஜோஸ்பின் நூர் நிஷா கையில் கொண்டுபோய்க் கொடுத்துச் சமாதானம் செய்தாள்.

நவம்பர் நடுவில் ஜெப்ரிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் அவனால் கீழே இறங்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலை ஜோஸ்பின் மருந்துக் கடைக்குப் போனபோது கதவைச் சும்மா சாத்திவிட்டுப் போயிருந்தாள். அண்ணாச்சி ஒரு பாத்திரத்தில் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தார். தட்டிப் பார்த்தார். தள்ளிப் பார்த்தார். உள்ளே வந்தார்.

கட்டிலில் ஜெப்ரி போர்த்திக்கொண்டு படுத்திருந்தான். அவன் முகத்தைக் காணாமல் கோழிகள் கேலரியில் அடம் பிடித்ததால் எட்டையும் ஜோஸ்பின் அறைக்குள் விட்டிருந்தாள். தலையணைப் பக்கம் இரண்டு பெட்டை. கால்மாட்டில் மூன்று. கட்டில் தலைப்பலகைமேல் மூத்த சேவல், செக்கச்செவேலென்று, வீட்டுக்காரன் மாதிரி நின்றது. மற்ற இரண்டும் பீரோவின்மேல்.

அண்ணாச்சி கஞ்சிப் பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி," என்றான் ஜெப்ரி. தொண்டை கட்டியிருந்தது. "கூவினது நான் இல்ல."

"தெரியுது."

ஜெப்ரி காத்திருந்தான். பதினேழாம் பக்கம் வரும், நோட்டீஸ் வரும், கீழே பதினோரு பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைக்க நினைக்கக் கண்ணில் நீர் வந்தது. காய்ச்சல் என்று பெயர் பண்ணிக்கொண்டு துடைத்தான். நம்பவைத்து ஏமாற்றிவிட்டேன், பயிற்சியும் இல்லை, வைத்தியமும் இல்லை, எல்லாம் அந்த நேரத்து வாய்க்கு வந்தது என்று சொன்னான். லிப்ட் நேற்றிலிருந்து ரிப்பேர். அண்ணாச்சி நாலு மாடியும் கஞ்சிப் பாத்திரத்தோடு படியேறி வந்திருந்தார். விசில் சத்தம் இல்லை. அதை அவர் இப்போதுதான் கவனித்தார் போல. நெஞ்சில் கைவைத்துப் பார்த்துக்கொண்டார்.

மூத்த சேவல் கூவியது. ஒரு முழ தூரத்தில் அப்படிக் கூவினால் காது அடைத்துப்போகும். அண்ணாச்சி அசையவில்லை.

"இன்னொரு தடவ கூவச் சொல்லுங்க."

"சொன்னா கேக்காது அண்ணாச்சி."

இருவரும் காத்திருந்தார்கள். பத்து நிமிஷம் ஆயிற்று. கஞ்சி ஆடை கட்டியது. சேவல் இறகை உதறி, மறுபடி கூவியது. அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஓடும் ரயிலில் டிக்கெட்டைப் பார்ப்பது போல் அதை நகத்திலிருந்து கொண்டைவரை பார்த்தார்.

"தம்பி, நீங்க எங்களுக்குத் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க," என்றார். "நாம கழுத்த முன்னால நீட்டுதோம். இவன் பாருங்க, கால் வெரல்ல இருந்து ஏத்துதான். கழுத்துக் கடசிலதான் வருது."

ஜெப்ரியும் தலையைத் தூக்கிச் சேவலைப் பார்த்தான். கவனித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான்.

மருந்தோடு திரும்பிய ஜோஸ்பின், அண்ணாச்சி கட்டில் பக்கத்தில் நின்று பெருவிரலில் எழும்பிக் கையை மடக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அவளுக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று புரியாமல் மருந்துச் சீட்டை இரண்டாக மடித்தாள்.

விதியை மீற அண்ணாச்சியால் முடியாது. விட்டுவிடவும் மனசில்லை. இரண்டு நாள் புத்தகத்தோடு உட்கார்ந்தார். வீடுகளில் கோழி வளர்க்கக் கூடாது என்றுதான் விதி சொல்கிறது. மொட்டைமாடி வீடு அல்ல, பொதுச் சொத்து. ஆனால் பறவை எதுவும் இல்லை என்று வார்டு ஆபீஸ்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த மனிதரின் எழுத்தைப் பொய்யாக்கலாமா. இன்னொரு விதியும் இருந்தது: யோகா, உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பவர்கள் வெளியிலிருந்து வரலாம், கேட்டில் உள்ள ரிஜிஸ்டரில் பெயர் எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தில் ஜெப்ரி எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னான். மன்னிப்புக் கேட்டான். பதினோரு பேரில் ஒன்பது பேருக்குக் கோபம் வந்தது. மாவ்ஷிக்கு அதிகமாக வந்தது. அப்புறம் மூத்த சேவலைக் கொண்டுவந்து மேசைமேல் நிறுத்தினார்கள். அது கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கூவியது. கோபம் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் எல்லோரும் வரிசையாக நின்றுவிட்டார்கள். மாவ்ஷி தன்னையறியாமல் முழங்கையை மடக்கியிருந்தார்.

சண்டை போட்டுக்கொண்டே இருந்த சின்னச் சேவல்கள் இரண்டும் பாயின் டெம்போவில் தாராவிக்குப் போயின. மூத்ததும் ஐந்து பெட்டைகளும் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பட்டறைப் பலகையில் அடித்த கூண்டில் இருக்கின்றன. தினமும் காலை ஐந்தரைக்கு ஜெப்ரி சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு லிப்டில் இறங்குகிறான். இப்போது அவன் நிற்பது இரண்டாம் வரிசையில், பாய்க்குப் பக்கத்தில். முதல் சில நாள் அது அவனுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. முன்னால் நிற்கிறவனுக்கு எல்லோருடைய முகமும் தெரியும். இங்கே அண்ணாச்சியின் முதுகுதான் தெரிகிறது.

கேட் ரிஜிஸ்டரில் நவம்பர் இருபத்துநாலாம் தேதிப் பக்கத்தில், அண்ணாச்சியின் கையெழுத்தில், பயிற்சியாளர் ஒருவர், உதவியாளர் ஐவர் என்று இருக்கிறது. வந்த நோக்கம்: மூச்சுப் பயிற்சி. வந்த நேரம்: ஐந்தரை. வெளியேறிய நேரம் என்ற கட்டத்தை என்ன செய்வதென்று அவர் ஒரு வாரம் யோசித்தார். காலியாக விட அவர் மனது இடம் கொடுக்கவில்லை. கடைசியில் சிவப்புப் பேனாவால், சின்ன எழுத்தில், "இன்னும் உள்ளே இருக்கிறார்கள்" என்று எழுதி, பக்கத்தில் தேதி போட்டுச் சுருக்கக் கையெழுத்தும் வைத்தார்.